மசாலா ஒயின் பஞ்ச்: என்ன கோளாறு, எப்படிச் சரிசெய்வது

டிசம்பர் கடைசியில் காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீடுகள் திறக்கும். சென்னை, சிங்கப்பூர், அமெரிக்கா என்று போனவர்கள் விடுமுறைக்கு வந்து சேர்வார்கள். அவர்களில் ஒருவராவது ஐரோப்பாவின் கிறிஸ்துமஸ் சந்தையில் சூடாகக் குடித்த மசாலா ஒயினை இங்கேயும் பழச்சாறு கலந்து பஞ்சாகப் போட்டுப் பார்க்கலாம் என்று ஆரம்பிப்பார். முதல் தடவை பெரும்பாலும் சரியாக வராது.

சமைக்கத் தெரியாததால் வரும் கோளாறு இல்லை இது. நன்றாகத் தெரிந்ததால் வருவது. பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ எல்லாம் இந்த ஊர்க் கைக்கு அத்துப்படி. ஆனால் அந்தக் கை குழம்புக்கு அளக்கும் கை. தேங்காயும் எண்ணெயும் வெங்காயமும் மசாலாவின் முரட்டுத்தனத்தைத் தாங்கிக்கொள்ளும். ஒயின் தாங்காது. போட்டதெல்லாம் அப்படியே மேலே தெரியும்.

கீழே என்ன கோளாறோ அதற்கு நேராகப் போகலாம். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு கையில் இருக்க வேண்டும் என்பதால் முதலில் அது.

அளவும் வரிசையும்

750 மில்லி சிவப்பு ஒயின் ஒரு பாட்டில். கமலா ஆரஞ்சுச் சாறு 250 மில்லி. தண்ணீர் 150 மில்லி, சர்க்கரை 60 கிராம். விரல் நீளப் பட்டை ஒன்று, கிராம்பு ஐந்து, அன்னாசிப்பூ ஒன்றே ஒன்று, லேசாகத் தட்டிய ஏலக்காய் மூன்று, நகக்கண் அளவு சுக்கு. ஒரு ஆரஞ்சின் தோல், வெள்ளைப் பகுதி ஒட்டாமல் மெல்லியதாகச் சீவியது. கடைசியில் போட ஆப்பிள், கொய்யா, அன்னாசி, எது கிடைக்கிறதோ அது, சிறு துண்டுகளாக ஒரு கிண்ணம்.

தண்ணீரில் சர்க்கரையையும் மசாலாவையும் போட்டு, மூடி, சின்னத் தீயில் பத்து நிமிஷம். ஆரஞ்சுத் தோலைக் கடைசி மூன்று நிமிஷத்துக்கு மட்டும். வடிகட்டுங்கள். அந்த மசாலாத் தண்ணீரில் ஒயினையும் சாற்றையும் ஊற்றிச் சூடு மட்டும் பண்ணுங்கள், கொதிக்க விடாதீர்கள். பழத்தைப் போட்டு, அடுப்பை அணைத்து, மூடி வையுங்கள். பத்து நிமிஷத்தில் கொடுக்கலாம்.

இந்த வரிசையில்தான் பாதிக் கோளாறு அடங்கியிருக்கிறது. பலர் ஒயினை நேரே பாத்திரத்தில் ஊற்றி, அதிலேயே மசாலாவைப் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். மசாலா இறங்க நேரமும் நல்ல சூடும் வேண்டும். ஒயினுக்கு இரண்டுமே ஆகாது. தனியாக வேகவைத்தால் மசாலாத் தண்ணீரை ஒரு கரண்டி எடுத்து ருசி பார்க்கலாம், பிடிக்காவிட்டால் கொட்டிவிட்டு மறுபடி வைக்கலாம். நஷ்டம் கொஞ்சம் தண்ணீரும் சர்க்கரையும்தான். டாஸ்மாக்கில் தேடிப் பிடித்து வாங்கி வந்த பாட்டில் பத்திரமாக இருக்கும்.

பிரியாணி வாசம் அடிக்கிறது

செட்டிநாட்டில் இதுதான் நம்பர் ஒன் புகார். தம்ளரை மூக்குப் பக்கம் கொண்டுபோனதும் "யாரோ குஸ்கா தாளிக்கிறாங்களா?" என்று கேட்பார்கள்.

முதல் சந்தேகம் கல்பாசி மேல். "பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ எடுத்துப் போடு" என்று யாரிடமாவது சொன்னால், கை பழக்கத்தில் ஒரு சிட்டிகை கல்பாசியும் இரண்டு மராட்டி மொக்கும் சேர்ந்தே விழும். கல்பாசி பாறையிலும் மரத்திலும் படரும் லைக்கன், பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழ்வது. உலர்ந்திருக்கும்போது அதில் பெரிதாக வாசனையே தெரியாது, சூடு பட்டதும்தான் எழும்பும். அந்த மண்ணும் புகையும் கலந்த வாசம் கறிக்குழம்புக்கு உயிர். பழச்சாறோடு சேர்ந்தால் ஈரச்சுவர் வாசம். இரண்டையும் இந்தப் பக்கமே வரவிடாதீர்கள்.

கல்பாசி போடவே இல்லை, ஆனாலும் வாசம் வருகிறது என்றால் அஞ்சறைப்பெட்டியைப் பாருங்கள். சீரகம், சோம்பு, மல்லியோடு மாதக்கணக்கில் ஒரே பெட்டியில் கிடந்த பட்டையும் கிராம்பும் அவற்றின் வாசத்தை வாங்கியிருக்கும். ஒரு பட்டையை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து முகர்ந்தால் தெரிந்துவிடும். பட்டையின் இனிப்பு வாசம் மட்டும் வந்தால் சரி. பின்னால் சீரகம் எட்டிப் பார்த்தால் புதுப் பொட்டலம் பிரிக்க வேண்டியதுதான். மிக்ஸி ஜாரும் அப்படியே. மிளகாய்த்தூள் அரைத்த ஜாரில் ஏலக்காய் பொடித்தால் பஞ்ச் காரமாகவே வரும்.

மூன்றாவது காரணம் வறுப்பது. எந்த மசாலாவையும் வெறும் சட்டியில் ஒரு வறு வறுத்துப் போட்டால்தான் மணக்கும் என்பது நம் வழக்கம். இதற்கு அது ஆகாது. வறுத்ததும் பட்டையின் இனிப்பு மணம் பின்னால் போய், வறுத்த மசாலா வாசம் முன்னால் வந்துவிடும். பச்சையாகவே போடுங்கள்.

அன்னாசிப்பூ பற்றியும் ஒரு வார்த்தை. அதிலும் சோம்பிலும் மணத்துக்குக் காரணம் ஒரே பொருள், அனெத்தோல். அதனால் ஒன்றுக்கு மேல் போட்டால் குடிக்கிறவர் சாப்பாட்டுக்கு அப்புறம் கடையில் தரும் சோம்பைத்தான் நினைப்பார். ஒரு பாட்டிலுக்கு ஒரு பூ. இதழ் உடைந்து கிடந்தால் எட்டு இதழ் எண்ணிக்கொள்ளுங்கள்.

இப்போது வாசம் ஏறிவிட்டது, என்ன செய்வது? லேசாக என்றால் இன்னும் 100 மில்லி ஆரஞ்சுச் சாறு ஊற்றி, புதிதாகச் சீவிய ஆரஞ்சுத் தோல் இரண்டு கீற்றுகளைச் சூடான பஞ்சில் ஐந்து நிமிஷம் போட்டு எடுங்கள். ஆரஞ்சு எண்ணெயின் வாசம் மேலே வந்து மற்றதைக் கொஞ்சம் அமுக்கும். கல்பாசி நன்றாக இறங்கிவிட்டதென்றால் எதுவும் எடுபடாது. மசாலாத் தண்ணீர் கட்டத்திலேயே கண்டுபிடித்தால் கொட்டிவிடுங்கள். ஒயின் கலந்த பிறகு தெரிந்தால், இன்னொரு பாட்டில் ஒயினும் சாறும் மசாலா இல்லாமல் சேர்த்து இரட்டிப்பாக்குவது ஒன்றே வழி. கூட்டம் பெரிதாக இருந்தால் அதுவும் நல்லதுக்குத்தான்.

கசக்கிறது

பெரும்பாலும் ஆரஞ்சின் வெள்ளைத்தோல். கமலா ஆரஞ்சுக்குத் தோல் தளர்வாக இருக்கும், கத்தியால் சீவினால் வெள்ளையும் சேர்ந்தே வரும். பழத்தை உரிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு காய்கறி சீவும் பீலரால் மேலாக இழுத்தால் நிறமுள்ள பகுதி மட்டும் வரும். சிலர் அழகுக்காக ஆரஞ்சை முழுசாக வட்டம் வட்டமாக வெட்டிக் கொதிக்கப் போடுகிறார்கள். படத்தில் நன்றாக இருக்கும், கால்மணி நேரத்தில் வெள்ளைத்தோலும் விதையும் சேர்ந்து கசப்பைக் கக்கும். வட்டம் வேண்டுமென்றால் பரிமாறும் நேரத்தில் தம்ளரில் போடுங்கள்.

மசாலாவை வடிகட்டாமல் அப்படியே விட்டுவைப்பது அடுத்த காரணம். ஏழு மணிக்கு நன்றாக இருந்தது ஒன்பது மணிக்குக் கசக்கிறது என்றால் இதுதான். கிராம்பும் பட்டையும் உள்ளே கிடக்கும் வரை இறங்கிக்கொண்டே இருக்கும்.

சரிசெய்ய: முதலில் உள்ளே இருப்பதை எல்லாம் அரித்து எடுங்கள். அப்புறம் கல் உப்பு, ஒரு பாட்டிலுக்கு இரண்டு மூன்று கல். சிரிக்க வேண்டாம், உப்பு கசப்பை அமுக்கும். சர்க்கரையைவிட நன்றாகவே அமுக்கும். உப்புக் கரிப்பு தெரிகிற அளவுக்குப் போகக்கூடாது, அவ்வளவுதான். அதற்கு அப்புறமும் கசந்தால்தான் சர்க்கரை.

நாக்கு மரத்துப்போகிறது, பல் ஆஸ்பத்திரி வாசம்

கிராம்பு அதிகம். கிராம்பில் உள்ள யூஜெனால்தான் பல்வலி மருந்திலும் இருக்கிறது, அதனால் மூக்கு சரியாகத்தான் சொல்கிறது. சாறும் ஒயினும் சேர்த்து நீர்க்கச் செய்வதைத் தவிர வழியில்லை. கிராம்பை ஒரு ஆப்பிள் துண்டில் குத்திப் போட்டால் எண்ணி எடுக்க வசதி.

சப்பென்று இருக்கிறது, ஒயின் போட்ட மாதிரியே இல்லை

கொதித்துவிட்டது. ஆல்கஹால் 78 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும் பொருள். ஒயினில் அது தண்ணீரோடு கலந்திருப்பதால் ஒரேயடியாகப் பறந்துவிடாது, ஆனால் கொதி வந்ததும் வேகமாக ஆவியாகும், பழ வாசனை அதற்கும் முன்னால் போய்விடும். மிஞ்சுவது புளிப்பும் துவர்ப்பும்.

70 டிகிரியைத் தாண்டக்கூடாது. தெர்மாமீட்டர் இல்லையென்றால் பாத்திரத்தின் ஓரத்தைப் பாருங்கள். மேலே மெல்லிய ஆவி எழும்ப வேண்டும், ஓரத்தில் ஊசிமுனை அளவு குமிழ்கள் ஒட்டி நிற்க வேண்டும். அந்தக் குமிழ் விடுபட்டு மேலே ஓட ஆரம்பித்தால் தீ அதிகம்.

கொதித்துவிட்டதை மீட்க, கொதிக்காத ஒயின் ஒரு தம்ளர் அடுப்பை அணைத்த பிறகு ஊற்றுங்கள், வாசனை கொஞ்சம் திரும்பும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. "நல்லா கொதிச்சிடுச்சு, சரக்கெல்லாம் போயிருக்கும், பிள்ளைகளுக்குக் குடுக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அரைமணி நேரம் கொதித்தாலும் ஒரு பங்கு உள்ளேயே நிற்கும். பிள்ளைகளுக்குத் தனிப் பாத்திரம், அது கீழே வருகிறது.

நிறம் கறுத்துவிட்டது, உலோக ருசி

பாத்திரத்தின் வேலை. ஒயின் புளிப்பானது, ஆரஞ்சும் அப்படியே. புளிக்குழம்பு எதில் வைக்கக்கூடாதோ அதில் இதையும் வைக்கக்கூடாது.

அலுமினியச் சட்டியில் வைத்தால் நாக்கின் ஓரத்தில் நாணயம் வைத்தது போல் ஒரு ருசி வரும். இரும்புச் சட்டியில் ஒயினின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து கறுக்கும், கடுக்காயும் இரும்பும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சியது இதே வேலைதான். ஈயம் பூசாத பித்தளை, செம்பு மோசம்: புளிப்பில் செம்பு கரைந்து வாந்தி, வயிற்றுப்புரட்டல் வரை கொண்டுபோகும். ஐயா காலத்துப் பித்தளை உருளியில் வைத்துப் பரிமாறினால் படம் எடுக்க அருமையாக இருக்கும் என்று தோன்றும். ஈயப்பூச்சு முழுசாக இருந்தாலொழிய வேண்டாம். மண்சட்டி கெடுதல் செய்யாது, ஆனால் போன வாரத்து மீன்குழம்பை அது மறந்திருக்காது.

எவர்சில்வர் போதும். அடி கனமாக இருந்தால் இன்னும் நல்லது.

இந்தப் பக்கத்து வீடுகளில் இன்னொரு ஆசையும் உண்டு, அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த எனாமல் பாத்திரங்கள். வீட்டில் இல்லாவிட்டாலும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். எனாமல் புளிப்புக்கு அசையாது என்பது உண்மைதான். ஆனால் உள்ளே ஒரு சில்லு பெயர்ந்திருந்தாலும் அடியில் இருப்பது இரும்பு. பழைய சிவப்பு, மஞ்சள் பூச்சுகளில் காரீயமும் காட்மியமும் இருக்க வாய்ப்புண்டு, சூடான புளிப்பு அவற்றை இழுக்கும். எவர்சில்வரில் சூடுபண்ணுங்கள், எனாமல் தட்டில் முறுக்கும் சீப்பு சீடையும் வையுங்கள். அழகும் கெடாது.

பாத்திரம் சரி, ஆனாலும் சிவப்பு மங்கி நீலம் பாய்ந்த ஊதாவாகத் தெரிகிறதா? தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். திராட்சையின் சிவப்பு நிறம் புளிப்பில்தான் சிவப்பாக நிற்கும், காரம் (மிளகாய்க் காரம் இல்லை, சோப்பில் இருக்கும் காரம்) சேர்ந்தால் நீலப்பக்கம் போகும். கடினமான போர்த் தண்ணீர், சோப்பு சரியாகக் கழுவாத பாத்திரம் இரண்டும் இதைச் செய்யும். அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் சிவப்பு திரும்பும். சோப்பு என்றால் திரும்பினாலும் குடிக்க வேண்டாம்.

ரொம்ப இனிப்பு

பாட்டிலைப் படித்துப் பாருங்கள். நம் ஊரில் போர்ட் என்று போட்டு விற்பவை பெரும்பாலும் ஏற்கெனவே நல்ல இனிப்பு. அதன் மேல் 60 கிராம் சர்க்கரையும் போட்டால் இருமல் மருந்துதான். போர்ட் வகை வாங்கினால் சர்க்கரையை முழுசாக விட்டுவிட்டு, கடைசியில் ருசி பார்த்துச் சேர்ப்பது நல்லது. ஏறிவிட்ட இனிப்புக்கு எலுமிச்சைச் சாறும், பால் சேர்க்காத கடும் டீ டிகாக்‌ஷன் அரைத் தம்ளரும். டீயின் துவர்ப்பு இனிப்பைச் சமன் பண்ணும்.

கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: போடலாம், ஆனால் அப்புறம் அது கருப்பட்டிப் பானகம். பனங்கற்கண்டு பரவாயில்லை.

புளிப்பு தாங்கவில்லை

முகர்ந்து பாருங்கள். காடி வாசம் மூக்கைக் குத்தினால் பாட்டில் திறந்து நாளாகிவிட்டது, ஒயின் வினிகராக மாறிக்கொண்டிருக்கிறது. சர்க்கரை, மசாலா எதுவும் அதை மறைக்காது. சூடு பண்ணினால் இன்னும் ஏறும். கொட்டிவிடுங்கள். காடி வாசம் இல்லாமல் வெறும் புளிப்பு என்றால் சாற்றில் வந்தது, சர்க்கரை கூட்டினால் போதும்.

மசாலா ஒயினுக்கு விலை உயர்ந்த பாட்டில் தேவையில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். நாசிக், நந்தி மலைப் பக்கத்துச் சாதாரணச் சிவப்பு ஒயின் எதுவும் போதும். அதற்காக வீட்டில் திராட்சையும் ஈஸ்ட்டும் ஊறப்போட்டதைக் கொண்டுவந்து ஊற்றவும் வேண்டாம். 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் தமிழ்நாட்டில் இன்றும் இருக்கிறது, உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம்.

அடியில் மண்டி, குடித்தால் கொழகொழ

பட்டைத்தூள் போட்டிருக்கிறீர்கள். பட்டைத்தூள் வெந்நீரில் ஊறினால் வழுவழுப்பாகும், எத்தனை கலக்கினாலும் கரையாது. டீ வடிகட்டியில் நிற்காது. பழைய மல் வேட்டித் துணியை நாலாக மடித்துக் கட்டி, பிழியாமல் சொட்ட விடுங்கள். பிழிந்தால் மண்டி மறுபடி உள்ளே போகும். அடுத்த தடவை முழுப் பட்டை. தடித்த பட்டைக்குக் காரம் அதிகம், சிலோன் சுருள் பட்டைக்கு இனிப்பு அதிகம். பஞ்சுக்குச் சுருள் பட்டைதான்.

பழம் கூழாகிவிட்டது

பழத்தை ஆரம்பத்திலேயே போட்டிருப்பீர்கள், அல்லது போடக்கூடாத பழத்தைப் போட்டிருப்பீர்கள். வாழைப்பழம், பப்பாளி, சப்போட்டா மூன்றும் சூட்டில் கரையும். மாதுளை முத்து, ஆப்பிள், செங்காய்ப் பதத்துக் கொய்யா, அன்னாசி நிற்கும். கொய்யாவுக்கு விதைப் பகுதியை வழித்துவிடுங்கள்.

இரண்டு தம்ளரிலேயே ஆட்டம்

யாரோ பிராந்தி ஊற்றியிருக்கிறார்கள். ஊற்றலாம், ஆனால் கணக்குத் தெரிந்து ஊற்ற வேண்டும். 12 சதவீத ஒயின் 750 மில்லியில் சுத்த ஆல்கஹால் 90 மில்லி. மேலே சொன்ன அளவுக்குச் சாறும் தண்ணீரும் சேர்ந்தால் மொத்தம் 1150 மில்லி, அப்போது பலம் எட்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. அதில் 42.8 சதவீதப் பிராந்தி 90 மில்லி சேர்த்தால் பத்தரை சதவீதத்தை நெருங்கிவிடும். ஜூஸ் கலந்ததுதானே என்று பெரிய தம்ளரில் ஊற்றிக் குடிப்பவர் கிட்டத்தட்ட ஒயினையே குடித்துக்கொண்டிருக்கிறார். இனிப்பும் சூடும் அதை வெளியே காட்டாது.

மூன்று விஷயம். பிராந்தி ஊற்றும்போது அடுப்பு அணைந்திருக்க வேண்டும், அதன் ஆவி தீப்பிடிக்கும். தம்ளர் 100 மில்லிக்கு மேல் வேண்டாம், காபி டம்ளர் சரியான அளவு. அப்புறம், ஊறிய பழத்துண்டுகளும் பஞ்சின் பலத்தைக் குடித்திருக்கும். பாத்திரத்தின் பக்கம் வந்து பிள்ளைகள் ஆப்பிளை எடுத்துத் தின்பது நடக்கிற காரியம். பாத்திரத்தை உயரத்தில் வையுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டு திரும்புகிறவருக்கும், சர்க்கரைக்கோ வேறு எதற்கோ மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் ஒயின் இல்லாத பாத்திரம்தான். இதில் அண்ணன், மச்சான் என்று தாட்சண்யம் பார்க்க வேண்டாம்.

நிலைமை ஏற்கெனவே மீறிவிட்டால் சாறு ஊற்றிப் பஞ்சை நீர்க்கச் செய்து, தட்டில் சாப்பாட்டை முன்னால் கொண்டுவாருங்கள். வெறும் வயிற்றில் தொடங்கியதுதான் பாதிக் காரணமாக இருக்கும்.

சூடு நிற்கவில்லை, அல்லது யாருக்கும் சூடே வேண்டியிருக்கவில்லை

உறைபனியில் தெருவில் நின்று குடிப்பதற்காக வந்த பானம் இது. காரைக்குடியின் மார்கழி ராத்திரி நம் தோளுக்குத்தான் குளிர். வளவின் நடுவில், திறந்த முற்றத்தில் வானம் பார்த்து உட்கார்ந்தால் ஒரு சால்வை போதும். எனவே பொசுக்கும் சூடு வேண்டாம், டீயைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தால் சரி. சின்னத் தீயில் ராத்திரி முழுக்க வைத்திருந்தால் முன்னால் சொன்ன எல்லாக் கோளாறும் ஒன்றாக வரும். கொதிக்கும் தண்ணீர் ஊற்றிய அகலமான அண்டாவில் பஞ்ச் பாத்திரத்தை இறக்கி மூடி வையுங்கள். டீக்காரர் பிளாஸ்க் இருந்தால் இன்னும் சுலபம். எவர்சில்வர் தம்ளர் உதட்டைச் சுடும், மெல்லிய கண்ணாடி விரிசல் விடும். பீங்கான் கோப்பை நல்லது.

மத்தியானம் என்றால் குளிரவைத்துக் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். அப்போது வரும் கோளாறு நீர்த்துப்போவது. பொடி ஐஸ் போடாமல், ஆரஞ்சுச் சாற்றையே சின்னக் கிண்ணத்தில் உறைய வைத்து ஒரே கட்டியாக மிதக்க விடுங்கள். சோடா ஊற்றுவதென்றால் தம்ளரில், கடைசியில். பன்னீர் சோடா வேண்டாம், அதன் வாசம் கல்யாண வீட்டு வரவேற்பு மேசையை நினைவுபடுத்தும்.

ஒயின் இல்லாதது வெறும் சர்பத்தாக இருக்கிறது

இதை ஒப்புக்குப் போடுகிற வழக்கம் இருக்கிறது, பெரிய தப்பு. செட்டிநாட்டுக் கூட்டத்தில் ஒயின் தொடாதவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். பிள்ளையார் நோன்பு மாதிரியான நாட்களில் வீட்டில் ஒயின் பேச்சையே எடுக்க முடியாது. ஆச்சிகள் கையில் இருக்கும் தம்ளரும் மற்றவர்கள் கையில் இருப்பதும் ஒன்றுபோல் மணக்க வேண்டும்.

சர்பத்தாக இருப்பதற்குக் காரணம் துவர்ப்பு இல்லாததுதான். ஒயினின் ருசியில் பாதி திராட்சைத் தோலில் இருந்து வரும் துவர்ப்பு. பாக்கெட் ஜூஸில் அது இருக்காது. கம்பம் பன்னீர் திராட்சை (2023இல் புவிசார் குறியீடு வாங்கியது) ஒரு கிலோ வாங்குங்கள். கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, தோலோடு, மத்தால் மசித்து, பத்து நிமிஷம் சின்னத் தீயில் வேகவைத்து வடிகட்டுங்கள். தோலின் நிறமும் துவர்ப்பும் இறங்கிவிடும். மிக்ஸியில் அரைத்தீர்களானால் விதை உடைந்து கசந்துவிடும், அந்தக் கசப்புக்கு உப்பும் உதவாது.

இதோடு கடும் டீ டிகாக்‌ஷன் ஒரு தம்ளர், எலுமிச்சை ஒரு மூடி, அதே மசாலாத் தண்ணீர். சர்க்கரை கிட்டத்தட்ட வேண்டாம். இதைக் கொதிக்க வைத்தாலும் குற்றமில்லை என்பதால் சூடாகப் பரிமாற இதுதான் சுலபம். இரண்டு பாத்திரத்துக்கும் கரண்டி வேறு வேறாக இருக்கட்டும், அடையாளத்துக்கு ஒன்றின் பிடியில் நூல் கட்டிவிடுங்கள்.

வேட்டியில் கொட்டிவிட்டது, தரையில் கொட்டிவிட்டது

வேட்டிக்கு உடனே பச்சைத்தண்ணீர், நிறைய. சோப்பை முதலில் தேய்த்தால் மேலே சொன்ன அதே காரணத்தால் கறை நீலமாகும், அப்புறம் போவது கஷ்டம். தண்ணீரில் முடிந்தவரை அலசி, எலுமிச்சை தேய்த்து ஊறவிட்டு, அதற்குப் பிறகு சோப்பு. பட்டுப் புடவைக்கு எலுமிச்சை வேண்டாம், ஒற்றியெடுத்துவிட்டு டிரை கிளீனரிடம் கொடுங்கள்.

தரைக்கு நேர் எதிர். ஆத்தங்குடிக் கல் சிமெண்ட்டில் வார்த்தது, வளவில் போட்ட இத்தாலி மார்பிள் சுண்ணாம்புக்கல் வகை. இரண்டையும் புளிப்பு அரிக்கும். கொட்டியதைத் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள், பிறகு சோப்புக் கரைத்த தண்ணீரில் துடையுங்கள். எலுமிச்சை, வினிகர், கழிப்பறை ஆசிட் மூன்றும் கறையோடு பளபளப்பையும் எடுத்துக்கொண்டு போய்விடும். முட்டைச் சாந்துச் சுவரில் தெறித்தால் ஈரத்துணியால் ஒற்றிவிட்டு அதோடு நிறுத்துங்கள். சுவரோரம் மேசை போடாமல் இருப்பது எல்லாவற்றையும்விட நல்லது.

மறுநாள் பொங்கி நிற்கிறது

பழத்தோடு அடுப்பு மேடையில் ராத்திரி முழுக்கக் கிடந்தால் சாறு புளிக்க ஆரம்பிக்கும், நுரைக்கும். நுரைத்ததைக் கொட்டுங்கள். ராத்திரியே பழத்தையும் தோலையும் அரித்தெடுத்து, பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். மறுபடி சூடு பண்ணுவதென்றால் எடுத்துக்கொள்ளும் அளவை மட்டும், ஒரே ஒரு தடவை.